யாக்கோபு நிருபமும் பழந்துணி மூட்டைகளும்

திருச்சபை நிவாரணப் பணியில் கிடங்குப் பொறுப்பைப் பார்த்தவன் நான். நல்ல எண்ணம் பெரிதா, செயல் பெரிதா என்ற கேள்வி பிரசங்கியாருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தலைப்பு. எனக்கு அது லாரியில் வந்து இறங்கிய சரக்கு.

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். சுனாமியில் தமிழ்நாட்டில் இறந்தவர்கள் ஏறக்குறைய 8,000 பேர். அதில் 6,000 பேருக்கு மேல் இறந்தது நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும். வேளாங்கண்ணி மாதா கோயிலுக்கு வந்திருந்த யாத்ரீகர்களும் அதில் உண்டு. சில நாட்களிலேயே நாடு முழுவதும் இருந்து சாமான்கள் வரத் தொடங்கின. அரிசி, பிஸ்கட், தண்ணீர் பாட்டில், அப்புறம் துணி, துணி, மேலும் துணி. அந்த ஜனவரியில் நாகைப் பக்கம் வந்தவர்கள் சாலையோரத்தில் குவிந்து கிடந்த பழந்துணிகளை மறந்திருக்க மாட்டார்கள். நனைந்து, மண்ணேறி, ஆடுமாடு மிதித்து, கடைசியில் குப்பையாக அள்ளப்பட்டவை அவை.

எங்கள் கிடங்கிலும் அதே கதைதான். மூட்டையைப் பிரித்தால் ஜிப் அறுந்த பேன்ட் இருக்கும், ஒற்றை சாக்ஸ் இருக்கும், கம்பளி ஸ்வெட்டர் இருக்கும். நாகப்பட்டினத்தில் ஸ்வெட்டர்! ஒரு மூட்டைக்குள் நோட்டுத் தாளில் குழந்தைக் கையெழுத்தில் 'இயேசு உங்களை நேசிக்கிறார்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு பூ வரைந்திருந்தது. அந்தப் பிள்ளையின் மனசில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அந்தத் தாளைச் சுற்றியிருந்தது காலர் நைந்துபோன சட்டை.

குப்பத்து மக்கள் அவற்றை வாங்கவில்லை. "இந்த நிலைமையிலும் திமிரைப் பார்" என்று எங்கள் ஆட்களே சிலர் முணுமுணுத்தார்கள். கடலில் உழைத்துச் சம்பாதித்து, விசேஷம் என்றால் கடைக்குப் போய்ப் புதுத்துணி எடுத்தவர்கள் அவர்கள். அடுத்தவர் போட்டுக் கழித்ததை உடுத்திப் பழக்கமில்லை. அலை வீட்டைக் கொண்டுபோனது என்பதற்காக மானத்தையும் சேர்த்து விட்டுவிட வேண்டுமா?

முகாமில் இருந்த பெண்களுக்கு என்ன தேவை என்பதை எங்களில் எந்த ஆணும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்கள். எங்களோடு இருந்த ஓய்வுபெற்ற நர்ஸ் அக்காவிடம்தான் வாய் திறந்தார்கள். "சேலை வண்டி வண்டியா வருது. உள்பாவாடை இல்லாம அதை எப்படிக்கா கட்டுறது?" அக்கா ஒரு நோட்டில் வரிசையாக எழுதினார்: உள்பாவாடை, ஜாக்கெட், உள்ளாடை அளவுவாரியாக, மாதவிலக்குக்கு நாப்கின், மறைவாகத் துணி மாற்ற ஒரு தடுப்பு. அந்த வாரம் ஒரு சின்ன சபையிலிருந்து போன் வந்தது. என்ன அனுப்பட்டும் என்று கேட்டார்கள். அக்கா பட்டியலைப் படித்தார். அவர்கள் அனுப்பிய உள்பாவாடைகளைப் பிரித்துப் பார்த்தபோது, ஒவ்வொன்றிலும் நாடா கோத்திருந்தது. கடையில் வாங்கும்போது பல பாவாடைகளில் நாடா இருக்காது. முகாமில் ஊக்குக்கு எங்கே போவார்கள் என்று யாரோ யோசித்து, உட்கார்ந்து கோத்திருக்கிறார்கள். கூடவே ஒரு வசனம்கூட எழுதி அனுப்பவில்லை.

பைபிளின் புதிய ஏற்பாட்டில் யாக்கோபு தம் நிருபத்தின், அதாவது கடிதத்தின், இரண்டாம் அதிகாரத்தில் துணியையும் சாப்பாட்டையும்தான் உதாரணமாக எடுக்கிறார். உடுக்க இல்லாதவனைப் பார்த்து, சமாதானத்தோடே போ, குளிர்காய்ந்து பசியாறு என்று வாயால் சொல்லி அனுப்பினால் பிரயோஜனம் என்ன என்று கேட்கிறார். அவர் கண்டிப்பது ஒன்றுமே கொடுக்காமல் வாழ்த்துகிறவனை. கொடுத்தும் உதவாத எங்கள் மூட்டைகளை அவர் பார்த்ததில்லை.

இதை எங்கள் ஐயரிடம், அதாவது சபைப் போதகரிடம், சொன்னேன். அவர் லுத்தரன். அதே கடற்கரையில் தரங்கம்பாடியில் 1706-இல் ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கு வந்து இறங்கிய பரம்பரை. கிரியையை, அதாவது செயலை, வலியுறுத்தும் யாக்கோபின் நிருபத்தை 'வைக்கோல்' என்று 1522-இல் எழுதியவரே அவர்கள் சபைக்கு மூலவரான மார்ட்டின் லுத்தர்தான். விசுவாசத்தால் மட்டுமே நீதிமான் ஆகிறோம் என்பது அவர்களுடைய அஸ்திவாரம். ஆகவே ஐயர் எண்ணத்தின் பக்கம் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது வேறு. "கிரியையால் எனக்கு ஒரு லாபமும் இல்லை தம்பி. அதனாலதான் கிரியையை ஒழுங்காச் செய்ய முடியுது. பரலோகத்துக்கு மார்க் வாங்குற வேலைன்னா எத்தனை மூட்டை அனுப்பினோம்னுதான் எண்ணிக்கிட்டிருப்பேன். பாவாடை அளவைப் பத்தி எனக்கென்ன கவலை?" இத்தனை வருடம் கேட்ட பிரசங்கங்களில் இதைப்போல எனக்குப் புரிந்தது ஒன்றும் இல்லை. (நீதிமானாக்கப்படுதல் பற்றிய அடிப்படையில் தங்களுக்குள் கருத்தொற்றுமை இருப்பதாக லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் 1999-இல் ஆக்ஸ்பர்க்கில் கையெழுத்துப் போட்டார்கள். எங்கள் கிடங்கில் அதற்குக் கையெழுத்து தேவைப்படவில்லை. லாரி வந்தால் ஐயரும் ஃபாதரும் சேர்ந்தே தோள் கொடுத்தார்கள்.)

ஃபாதர் படிப்பாளி. 12-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் பாடம் சொன்ன தத்துவ அறிஞர் அபெலார்ட் எழுதிய ஒரு உதாரணத்தை அவர் சொன்னார். போதிய துணி இல்லாத ஏழைத் தாய், குளிருமே என்று கைக்குழந்தையைத் தன் கந்தலுக்குள் அணைத்துக்கொண்டு தூங்கிவிடுகிறாள். குழந்தை மூச்சுமுட்டி இறந்துவிடுகிறது. பாவம் என்பது மனம் சம்மதிப்பதில்தான் இருக்கிறது, நடந்துபோன காரியத்தில் இல்லை என்பது அபெலார்டின் வாதம். அதன்படி அவள் குற்றமற்றவள். ஆனாலும் ஆயர் அவளுக்குக் கடுமையான பிராயச்சித்தம் விதிக்கிறார். அவள் பாவி என்பதற்காக அல்ல, அவளும் மற்றத் தாய்மாரும் இனி ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பதற்காக. கேட்கக் கொடூரமாகத்தான் இருக்கிறது. ஆனால் எண்ணத்துக்கு அவ்வளவு இடம் கொடுத்த மனிதரே, நல்ல எண்ணம் குழந்தையைக் காப்பாற்றாது என்பதை ஒளிக்கவில்லை.

துணி விஷயத்தை நான் பேசினாலே சிலர் உடனே சுவிசேஷத்தில் காணிக்கைப் பெட்டியில் ஏழை விதவை போட்ட இரண்டு காசை எடுப்பார்கள். ஆண்டவர் அளவைப் பார்க்கிறதில்லை, இருதயத்தைப் பார்க்கிறார் என்பார்கள். சரி. அந்த விதவை போட்டது அவளுக்கு வேண்டிய காசு, தன் ஜீவனத்துக்கு இருந்ததெல்லாம். நமக்கு வேண்டாத சட்டைக்கு அவளைச் சாட்சிக்கு இழுப்பது எனக்கு அநியாயமாகப் படுகிறது.

துணியோடு இது முடியவில்லை. கட்டுமரம் போனவர்களுக்கு ஃபைபர் படகு கொடுக்கப் பல நிறுவனங்கள் போட்டி போட்டன. பல ஊர்களில் படகு பெருகி, ஏறிப்போக ஆள் குறைந்தது. கரையில் கிடந்த படகுகளின் பக்கவாட்டில் கொடுத்தவர்களின் பெயர் மட்டும் பளிச்சென்று இருந்தது.

அதற்காக மனசே முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை. பேனர் கட்டி, கிழவியின் கையில் அரிசிப் பையைப் பாதி கொடுத்துப் பாதி பிடித்தபடி போட்டோவுக்கு நின்றவர்களையும் பார்த்திருக்கிறேன். அரிசி நல்ல அரிசி. ஆனால் வாங்கியவர்களின் முகத்தில் அந்த அவமானம் நன்றாகத் தெரிந்தது. அன்பில்லாமல் எல்லாவற்றையும் அன்னதானம் பண்ணினாலும் பிரயோஜனம் இல்லை என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதற்கு விளக்கவுரை அந்த முகங்கள்தான். ஆனால் அங்கேயும் கெட்டது செயல்தான். கொடுத்த விதம் கெட்டது. மத்தேயு 25-இல் கடைசி நியாயத்தீர்ப்பில் வலதுபக்கம் நிற்கிறவர்களுக்குத் தாங்கள் கிறிஸ்துவுக்குச் செய்தோம் என்பதே தெரியாது. ஆண்டவரே எப்பொழுது உம்மைப் பசியுள்ளவராகக் கண்டோம் என்று திருப்பிக் கேட்கிறார்கள். அங்கே வாசிக்கப்படுகிற பட்டியலில் இருப்பது சாப்பாடு, தண்ணீர், துணி, நோயாளியையும் சிறையில் இருப்பவனையும் போய்ப் பார்த்தது. இருதயத்தைப் பார்க்கிற வேலையைக் கர்த்தர் தம்மிடமே வைத்துக்கொண்டார். எனக்கு விட்டது பட்டியலைத்தான்.

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் அடித்தபோது ஒரு வாலிபர் சங்கம் போன் செய்து கேட்டது. தென்னை விழுந்து பாதையெல்லாம் அடைத்துக் கிடக்கிறது. மரம் அறுக்கும் மெஷின், அதை ஓட்டத் தெரிந்த ஆள், பெட்ரோல் வேண்டும் என்றேன். மூன்றும் வந்தன. கிளம்பும் முன் ஜெபம் பண்ணினார்களா என்று நான் கேட்கவில்லை. அதே வாரம் பழந்துணி லாரி ஒன்றும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றது. டிரைவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, இறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு அனுப்பியவருக்கு போன் போட்டேன்.

"நல்ல மனசோடதான் அனுப்பினோம் பிரதர்."

"தெரியும் பிரதர். அடுத்த தடவை கேட்டுட்டு அனுப்புங்க."

திரும்பிப் போகும் வாடகையை யார் தருவது என்பதில் பேச்சு கொஞ்சம் தடித்தது. கடைசியில் அவர்களே கொடுத்தார்கள்.