பிரஸ் பட்டன்

"ஓங்காதீங்க மகள். மெதுவா, நேரா தட்டுங்க."

கல்முனையில் பை தைக்கும் நானா, அக்கா மகளின் சுத்தியலைப் பிடித்து நிறுத்தினார். மருதமுனைக் கைத்தறித் துணியில் பை, மூடி மட்டும் தோல்.

ஒரு பட்டனுக்கு நாலு துண்டு. மூடியில் தண்டுள்ள தொப்பியும் குழியும், பையில் குமிழும் அதன் அடித்தண்டும்.

தோலில் வட்டமாகத் துளை வெட்டலாம். கைத்தறியில் அப்படி வெட்டினால் இழை பிரிந்து ஓட்டை பெரிதாகும். குத்தூசியால் இழைகளை விலக்கி, உள்ளே தடித்த துணித்துண்டு ஒன்று வைத்துத்தான் போட வேண்டும்.

முக்கியமானது தண்டின் நீளம். துளைக்கு வெளியே 2 அல்லது 3 மில்லிமீற்றர் நீட்டி நின்றால் போதும். கூடினால் அடிக்கும்போது வளையும், குறைந்தால் பிடிக்காது. தோல் தடிப்பு, துணி மெல்லிசு. அப்புறம் எப்படி இரண்டுக்கும் ஒரே நீளம் சரிவரும்?

அடித்து முடித்ததும் விரலால் திருப்பிப் பார்த்தாள். சுற்றவில்லை. சரியாக இறுகியிருக்கிறது.

எத்தனையோ நல்ல கைத்தறிப் பைகள் பட்டன் கழன்ற அன்றே மூலைக்குப் போய்விடுகின்றன. நெய்தவரின் உழைப்பும் அதோடு போகிறது. எனக்கு அதில் உண்மையாகவே வருத்தம். தையல் சொல்லிக் கொடுப்பவர்கள் இந்த வேலையையும் சேர்த்துப் பழக்குங்கள்.