பல்லாவரத்துக் கல்லும் என் கல்லும்

பக்கத்து மனையில் வீடு கட்டுகிறார்கள். தரையை உயர்த்த போன மாதம் நாலு லோடு கிராவல் கொண்டுவந்து கொட்டினார்கள், அதில் பாதி எங்கள் வாசலில். வண்டியை வெளியே எடுக்க வழியில்லாமல் காலையில் காலால் கற்களை ஓரம் தள்ளிக்கொண்டிருந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. உள்ளங்கை அளவு, ஒரு முனை கூர், மறுமுனை உருண்டை, கையில் எடுத்தால் கட்டைவிரல் போய் உட்கார ஒரு குழிவுகூட இருந்தது. எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. ஏனென்றால் நான் குடியிருப்பது பல்லாவரம் பக்கம்.

பல்லாவரம் என்றதும் பலருக்கு வெள்ளிக்கிழமைச் சந்தையும் தலையை உரசுவதுபோல் இறங்கும் விமானமும்தான் ஞாபகம் வரும். ஆனால் இந்தியாவில் பழைய கற்காலக் கருவி என்று அடையாளம் காணப்பட்ட முதல் கல் இங்கேதான் கிடைத்தது. 1863 மே 30. ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற வெள்ளைக்காரர், நிலவியல் ஆய்வுத் துறை அதிகாரி, வயது 28. ராணுவ அணிவகுப்பு மைதானத்தில் சரளைக்காக யாரோ தோண்டிய ஒரு சின்னக் குழி, அதிலிருந்து வெளியே வாரிப்போட்ட செம்புறைச் சரளை, அந்தக் குவியலில் ஒரு கைக்கோடரி, அதாவது கையிலேயே பிடித்துப் பயன்படுத்தச் செதுக்கிய கல். மே மாதக் கடைசியில், பல்லாவரம் வெயிலில், குனிந்து கல் பொறுக்கியிருக்கிறார் மனுஷன்!

தற்செயல் என்கிறார்கள். பாதிதான் தற்செயல். அதற்கு நாலு வருடம் முன்பு, 1859இல், பிரான்சின் சோம் ஆற்றுச் சரளையில் கிடைத்த கற்கள் மனிதர் செதுக்கியவைதான் என்று பிரெஸ்ட்விச், எவான்ஸ் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் நேரில் போய்ப் பார்த்து ஒப்புக்கொண்டிருந்தார்கள். அந்தச் சேதி ஃபூட்டின் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. குழி வெட்டிய ஆட்கள் அதே கல்லை மற்ற சரளையோடு சேர்த்து வாரிக் கரையில் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள், அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன். தொல்லியல் படித்த நண்பன் ஒருவன் இருக்கிறான். படம் அனுப்பினேன், பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கல்லை ஒரு துண்டில் சுற்றிக்கொண்டு அவன் வீட்டுக்கே போய்விட்டேன். வாங்கி இரண்டு தரம் திருப்பிப் பார்த்தான், ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் சாய்த்தான், அப்புறம் சிரிக்க ஆரம்பித்தான்.

“ஜேசிபி பல்லு பட்டு உடைஞ்சிருக்குடா.”

எப்படிச் சொல்கிறாய் என்று சண்டைக்குப் போனேன். அவன் காட்டியதை நானும் பார்த்தேன். கல்லின் மேல்தோல் முழுக்கச் செம்பழுப்பு, ஆனால் என்னை மயக்கிய அந்தக் குழிவு மட்டும் உள்ளே வெளிறிப் பளபளத்தது. பல்லாயிரம் வருடம் மண்ணில் கிடந்திருந்தால் செதுக்கிய இடமும் மற்ற இடத்தைப் போலவே நிறம் மாறி, விளிம்பு கொஞ்சம் மழுங்கியிருக்குமாம். அதோடு, கைக்கோடரி என்றால் ஒரே ஒரு சில்லு போனால் போதாது. விளிம்பில் அடித்து இந்தப் பக்கம் ஒரு சில்லு, திருப்பி அந்தப் பக்கம் ஒரு சில்லு என்று மாற்றி மாற்றி எடுத்துத்தான் கூர் கொண்டுவருவார்கள். சில்லு பெயர்ந்த ஒவ்வொரு இடத்திலும் சிப்பியின் உட்புறம்போல லேசான பள்ளம் இருக்கும். அவன் அலமாரியில் இருந்த ஒரு மாதிரிக் கைக்கோடரியைக் கையில் கொடுத்தான். இதற்குப் பிறகு என் கல்லைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

நிஜக் கருவியாகவே இருந்திருந்தாலும் லாரியில் வந்ததால் பாதி மதிப்பு போச்சு என்றான். எந்தக் குவாரி, எத்தனை அடி ஆழம், எந்த மண்ணடுக்கு, ஒன்றும் தெரியாது. நிலத்தில் பார்த்தால் எடுக்காதே, கிடக்கிற கிடையிலேயே படம் எடு, இடத்தைக் குறித்துக்கொள், தொல்லியல் துறைக்குச் சொல் என்று திட்டும் விழுந்தது.

இடம் ஏன் முக்கியம் என்பதற்கு அத்திரம்பாக்கம்தான் அவன் சொன்ன உதாரணம். பல்லாவரத்துக்கு நாலு மாதம் கழித்து, 1863 செப்டம்பரில், ஃபூட்டும் அதே துறையைச் சேர்ந்த வில்லியம் கிங்கும் கண்டுபிடித்த இடம் அது, திருவள்ளூர் மாவட்டத்தில் கொசஸ்தலை ஆற்றுப் பக்கம். அங்கே தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் வருடக்கணக்கில் அடுக்கடுக்காகத் தோண்டினார்கள். விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் கல்லில் உண்டாக்கும் அலுமினியம், பெரிலியம் ஆகியவற்றின் கதிரியக்க வகைகளின் அளவை வைத்து, அது மண்ணுக்குள் புதைந்து எவ்வளவு காலமாச்சு என்று கணக்கிட்டார்கள். 2011இல் வந்த முடிவு, சுமார் 15 லட்சம் வருடம். என் வீட்டு வாசல் கிராவலில் கிடந்த கல்லுக்கு இந்தக் கணக்கையெல்லாம் எங்கிருந்து தொடங்குவது?

ஃபூட் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த கருவிகளை 1904இல் சென்னை அருங்காட்சியகம் வாங்கியது. எழும்பூருக்கு எத்தனையோ தரம் போயிருக்கிறேன், பாதி நேரம் வெண்கலச் சிலைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன். இந்த மாதம் கற்களுக்காகவே போக வேண்டும்.

கல்லைத் திரும்பக் கொண்டுவந்து திண்ணையில் போட்டேன். மறுநாள் அது அங்கே இல்லை. அம்மா தேய்த்துக் கழுவி அடுப்பு மேடையில் வைத்திருந்தார். இஞ்சி தட்டவாம்.

“கைக்கு அடக்கமா இருக்குடா,” என்றார்.