கார்டு இருக்கிறது, பாயிங்க்குக்குத் தெரியவில்லை

பாயிங்க் என்பது கணினியின் ஓய்வு நேரத்தை அறிவியல் கணக்கீடுகளுக்குத் தரும் மென்பொருள். அதன் ஈவென்ட் லாகில் ‘நோ யூசபிள் ஜிபியூஸ் ஃபவுண்ட்’ (பயன்படுத்தத்தக்க ஜிபியூ இல்லை) என்று வந்தால் உடனே கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றி மாட்ட வேண்டாம். உபுண்டுவில் பாயிங்க் உங்கள் கணக்கில் ஓடாது. ‘பாயிங்க்’ என்ற தனிப் பயனராக ஓடும். ஆகவே சூடோ போட்டு, அந்தப் பயனராகவே ‘சிஎல்இன்ஃபோ’ (கணக்கீட்டுக்குக் கிடைக்கும் கார்டுகளைப் பட்டியலிடும் கட்டளை) ஓட்டுங்கள். உங்கள் கணக்கில் கார்டு தெரிந்து, ‘பாயிங்க்’ பயனருக்கு 0 டிவைஸ் என்றால் அனுமதிச் சிக்கல்தான், ஏஎம்டியில் அடிக்கடி வருவது. அந்தப் பயனரை ‘வீடியோ’, ‘ரெண்டர்’ இரண்டு குரூப்பிலும் சேர்த்து பாயிங்க் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

என்விடியாவில் நூவோ என்ற திறந்த மூல டிரைவர் இருந்தால் கூடா (கார்டில் கணக்கீடு செய்ய உதவும் என்விடியாவின் தளம்) கிடையாது. நிறுவனத்தின் டிரைவரே வேண்டும். செக்யூர் பூட் (கணினி தொடங்கும்போது கையொப்பத்தைச் சரிபார்க்கும் பாதுகாப்பு) இருந்தால் கையொப்பமில்லாத டிரைவர் மாட்யூல் ஏறாது.

டிரைவர் ஏறுமுன்பே பாயிங்க் கிளம்பிவிடுவதும் உண்டு. கார்டைத் தொடக்கத்தில் மட்டும்தான் தேடும். ஆகவே சிஸ்டம்டி (லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கிவைப்பது) ஓவர்ரைடில், பாயிங்க் கிளம்புமுன் 30 வினாடி ‘ஸ்லீப்’ போடுங்கள். அழகான வழியல்ல, ஆனால் வேலை செய்கிறது.