கரைக்கு வர முடியாம நிக்கிற மொசாம்பிக் கேஸ்

2013ல ஏழு மாசம் மொசாம்பிக்ல, பெம்பாங்கிற துறைமுக ஊர்ல இருந்தேன். ஒரு சப்கான்ட்ராக்ட் கம்பெனிக்கு சரக்கு கணக்கு பாக்குற வேலை. குழாய், வால்வு, கெமிக்கல் டிரம்முன்னு கப்பல்ல வர்றதை எண்ணி எழுதி, கடல்ல துளை போட்டுட்டு இருந்த டிரில்லிங் கப்பலுக்கு அனுப்பி வைக்கணும். அப்ப அந்த ஊர்ல யார்கிட்ட பேசினாலும் பேச்சு கடைசில கடலுக்கு அடியில கிடைச்ச இயற்கை எரிவாயுவுல, அதாவது கேஸ்லதான் வந்து நிக்கும். வீட்டு வாடகை மாசத்துக்கு மாசம் ஏறிட்டே இருக்கும், புது ஹோட்டலுக்கு அஸ்திவாரம் தோண்டிட்டு இருப்பாங்க. எங்க வண்டி ஓட்டின அண்ணன் ஒருநாள் கேட்டாரு, "பத்ராவ் (முதலாளின்னு அர்த்தம்), 2018ல கேஸ் வந்துடும்னு ரேடியோல சொல்றாங்களே, என் பையனுக்கு அப்ப பதினெட்டு வயசு, அவனுக்கு அங்க வேலை கிடைக்கும்ல?" நிச்சயமா கிடைக்கும்னு சொன்னேன். நம்பித்தான் சொன்னேன்.

அந்தப் பையனுக்கு இப்ப இருபத்தஞ்சு தாண்டியிருக்கும். அவங்க அப்பா எதிர்பார்த்த அந்த கரையோர பிளான்ட்லருந்து இன்னும் ஒரு கப்பல் கேஸ்கூட கிளம்பல. 2018னு சொன்னது 2024 ஆச்சு, 2024 இப்ப 2029 ஆகியிருக்கு. நான் அங்கருந்து வந்த பிறகும் இந்த விஷயத்தை விடாம படிச்சுட்டு வர்றேன், அதனால மொசாம்பிக் கேஸ் இனிமே என்ன ஆகும்னு எனக்குப் புரிஞ்சதை எழுதி வெச்சுடலாம்னு தோணுச்சு.

முதல்ல, கேஸ் இருக்கா இல்லையாங்கிற சந்தேகமே வேணாம். வடக்கு ஓரத்துல தான்சானியா எல்லையை ஒட்டி காபோ டெல்காடோனு ஒரு மாகாணம், அதுக்கு எதிர்ல ரொவூமா படுகைன்னு ஆழ்கடல் பகுதி. 2010ல இருந்து அமெரிக்காவோட அனடார்கோவும் இத்தாலியோட எனியும் அங்க வரிசையா கண்டுபிடிச்சாங்க, மொத்தமா 100 டிரில்லியன் கன அடிக்கு மேல. இது இருக்கிறது ஏரியா 1, ஏரியா 4னு ரெண்டு பகுதியில. ஏரியா 1 இப்ப பிரான்ஸோட டோட்டல்எனர்ஜீஸ் கையில, அனடார்கோவோட பங்கை 2019ல வாங்கினாங்க. இதுல இந்தியாவோட அரசு எண்ணெய் கம்பெனிங்க மூணுக்கும் சேர்த்து 30 சதவீதம் பங்கு இருக்கு, ஓஎன்ஜிசி விதேஷ் 16, பாரத் பெட்ரோலியத்தோட துணை கம்பெனி 10, ஆயில் இந்தியா 4. டோட்டலோட சொந்தப் பங்கே 26.5தான்.

ஏரியா 4ல எனி ஒரு வேலை பண்ணாங்க. கரையில பிளான்ட் கட்டாம, பிளான்ட்டையே ஒரு கப்பலா தென் கொரியாவுல சாம்சங் கப்பல் கட்டுற இடத்துல கட்டி இழுத்துட்டு வந்துட்டாங்க. கோரல் சுல்னு பேரு, 432 மீட்டர் நீளம். கிட்டத்தட்ட 2000 மீட்டர் ஆழக் கடல்ல மிதந்துக்கிட்டே, கீழருந்து வர்ற கேஸை மைனஸ் 162 டிகிரிக்கு குளிர வெச்சு திரவமாக்கிடும். அப்படி ஆக்கினா 600ல ஒரு பங்கு இடத்துல அடங்கிடும், பக்கத்துல வந்து நிக்கிற டேங்கர்ல ஏத்தி அனுப்பிடலாம். 2017ல முடிவெடுத்து, 2022 நவம்பர்ல முதல் கப்பலை அனுப்பிட்டாங்க, வருஷத்துக்கு 3.4 மில்லியன் டன். 2025 அக்டோபர்ல இதே மாதிரி இன்னொண்ணு, கோரல் நோர்த்தேனு, 7.2 பில்லியன் டாலர்ல கையெழுத்து போட்டாச்சு, 2028ல ஓட ஆரம்பிக்கணும். இது சொன்ன தேதியை ஒட்டி வரும்னுதான் நினைக்கிறேன், ஏன்னா ஏற்கனவே ஒருதடவை செஞ்சு காட்டின டிசைன், அதோட யார் நிலத்தையும் அது தொடல.

கரைப்பக்கம் கதையே வேற. பல்மாங்கிற சின்ன ஊருக்குப் பக்கத்துல அஃபுங்கி தீபகற்பம். அங்க ரெண்டு ட்ரெயின் (ரயில் இல்லீங்க, கேஸை திரவமாக்குற யூனிட்டுக்கு அப்படித்தான் சொல்றது), வருஷத்துக்கு சுமார் 13 மில்லியன் டன், செலவு 20 பில்லியன் டாலர். அந்த நாட்டோட ஒரு வருஷ மொத்த உற்பத்தியே ஏறக்குறைய அவ்வளவுதான். 2019 ஜூன்ல முடிவெடுத்தாங்க. ஆனா அதுக்கு முன்னாடியே, 2017 அக்டோபர்லயே, அதே மாகாணத்துல மொசிம்போவா டா பிராயாங்கிற ஊர்ல போலீஸ் ஸ்டேஷனைத் தாக்கி ஆயுதக் குழு ஒண்ணு கலவரத்தை ஆரம்பிச்சிருந்தது. 2021 மார்ச் 24ம் தேதி பல்மாவுக்குள்ளயே புகுந்துட்டாங்க. ஹோட்டல்ல மாட்டிக்கிட்டவங்க தப்பிக்க வண்டிங்கள்ல வரிசையா கிளம்பினப்போ வழியில சுட்டாங்க. அடுத்த மாசம் டோட்டல், கைக்கு மீறின நிலைமைன்னு ஃபோர்ஸ் மஜூர் அறிவிச்சு எல்லாத்தையும் நிறுத்திட்டு ஆளுங்களை வெளிய கூட்டிட்டு போயிட்டாங்க. அந்த வாரம் எனக்கு சரியா தூக்கமே இல்ல, பெம்பா துறைமுகத்துல படகு படகா ஜனங்க வந்து இறங்குற படத்தை பாத்துக்கிட்டே இருந்தேன், அதே ஜெட்டில நின்னுதான் நான் டிரம்மு எண்ணினேன்.

2021 ஜூலைல ருவாண்டா ராணுவம் வந்து பல்மா, மொசிம்போவா பக்கத்தை மீட்டுச்சு. ஆப்பிரிக்காவோட தென்பகுதி நாடுகள் கூட்டமைப்போட படை 2024ல கிளம்பிடுச்சு, ருவாண்டா படை அதுக்கப்புறமும் அங்க இருந்துச்சு. 2025 நவம்பர்ல டோட்டல் ஃபோர்ஸ் மஜூரை எடுத்தாங்க. நாலரை வருஷம் நின்னதுக்கு கூடுதலா 4.5 பில்லியன் டாலர் செலவுன்னு கணக்கு காட்டி, ஒப்பந்தத்தையும் பத்து வருஷம் நீட்டிக் கேட்டாங்க. அடுத்த மாசமே பிரிட்டன் அரசு தான் தர்றதா இருந்த கடன் ஆதரவை வாபஸ் வாங்கிக்கிச்சு. ஆனா அமெரிக்காவோட எக்ஸிம் வங்கி 4.7 பில்லியன் டாலர் கடனை அதே வருஷ ஆரம்பத்துல மறுபடியும் ஓகே பண்ணியிருந்தது. இதுக்குப் பக்கத்துலயே எக்ஸான்மொபில் 18 மில்லியன் டன்னுக்கு இன்னொரு பிளான்ட் திட்டம் வெச்சிருக்கு, அதுக்கு முதலீட்டு முடிவு எடுக்கிறது 2026லன்னு சொல்லியிருக்காங்க. இது எல்லாமே நடந்தா அடுத்த பத்து வருஷத்துல மொசாம்பிக் ஆப்பிரிக்காவோட பெரிய கேஸ் ஏற்றுமதி நாடுகள்ல ஒண்ணா ஆயிடும், அதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்ல.

என் மனசுல நிக்கிறது வேற விஷயம். இந்த தடவை அஃபுங்கியில வேலையை திரும்ப ஆரம்பிச்ச விதத்தைப் பாருங்க. சைட்டைச் சுத்தி வேலி, காவல், ஆளும் சாமானும் வர்றது போறது பெரும்பாலும் விமானத்துலயும் கப்பல்லயும்தான், உள்ள வேலை பாக்குறவங்க சும்மா வெளிய வந்து பல்மா கடைத்தெருவுல நடக்கிறது கிடையாது. அதாவது நிலத்துல கட்டுற பிளான்ட்டையும் கோரல் சுல் மாதிரி ஒரு கப்பலாவே ஆக்கிட்டாங்க. பாதுகாப்புக்கு வேற வழி இல்லன்னு அவங்க சொல்றதை என்னால மறுக்க முடியல, இவ்வளவு பேர் செத்த இடம். ஆனா கரையில கட்டுறதுக்கு அந்த நாடு ஒத்துக்கிட்டதே அதைச் சுத்தி ஊர் வளரும், ஹோட்டல் வரும், வெல்டிங் தெரிஞ்ச பையனுக்கு வேலை வரும்னுதானே. அந்தப் பக்கத்து ஜனங்க நிலத்தைக் குடுத்தாங்க, கிடுபோங்கிற கிராமத்தையே கிளப்பி கிடுண்டான்னு புதுசா ஒரு குடியிருப்பு கட்டி வெச்சாங்க. வீடு கல்லு வீடுதான், ஆனா கடல் தூரமாயிடுச்சு. மீன் பிடிக்கிறவனுக்கு கடல் தூரமானா அந்த வீட்டை வெச்சு என்ன பண்ணுவான்?

கலவரத்துக்கு கேஸ் மட்டுமே காரணம்னு நான் சொல்ல மாட்டேன், அந்த மாகாணம் ரொம்ப காலமா கைவிடப்பட்ட இடம், மோண்டெபுவேஸ்ல மாணிக்கக் கல்லு சுரங்கத்துக்காக சின்னச் சின்ன தோண்டுறவங்களை விரட்டின கோபம், மத விஷயம், தலைநகர் மபூட்டோ இருக்கிற தூரம் எல்லாம் கலந்து கிடக்கு. ஆனா பக்கத்துலயே இவ்வளவு பெரிய சொத்து இருக்குன்னு தினமும் ரேடியோல கேட்டுட்டு, கைக்கு எதுவும் வராம பத்து வருஷம் உக்காந்திருக்கிறது ஒரு மனுசனை என்ன பண்ணும்னு யோசிக்கணும்.

பணத்தைப் பத்தியும் சொல்லணும். நான் அங்க இருந்த அதே 2013லதான் மீன்பிடிக் கப்பல், கடலோரக் காவல்னு சொல்லி, கேஸ் வருமானம் வரப்போகுதுங்கிற நம்பிக்கைல கடன் வாங்க ஆரம்பிச்சாங்க, மொத்தம் 2 பில்லியன் டாலர் அளவுக்கு போச்சு. பெரும்பகுதியை பாராளுமன்றத்துக்குச் சொல்லவே இல்ல. 2016ல வெளிய வந்ததும் ஐஎம்எஃப்பும் மத்த நாடுகளும் உதவியை நிறுத்திட்டாங்க, அந்த நாட்டுப் பணம் மெட்டிக்கால் மதிப்பு சரிஞ்சுது, விலைவாசி ஏறுச்சு. கடன் வாங்கினப்போ நிதி மந்திரியா இருந்த மானுவல் சாங்கை 2024ல நியூயார்க் கோர்ட் குற்றவாளின்னு சொல்லுச்சு. ஒரு கன அடி கேஸ் விக்கிறதுக்கு முன்னாடியே ரொவூமா கேஸ் அந்த நாட்டை கடனாளி ஆக்கிடுச்சு.

2023 டிசம்பர்ல சேமிப்பு நிதிக்கு ஒரு சட்டம் போட்டாங்க, முதல் பதினஞ்சு வருஷம் கேஸ் வருமானத்துல 40 சதவீதம் அந்த நிதிக்கு, 60 பட்ஜெட்டுக்கு. நல்ல சட்டம்தான். ஆனா ஆரம்ப வருஷங்கள்ல கம்பெனிங்க போட்ட பணத்தை எடுத்துக்குவாங்க, அரசுக்கு வர்ற பங்கு பின்னாடிதான் பெருசாகும். இதுக்கு நடுவுல கத்தார், அமெரிக்கா ரெண்டு பக்கமும் புது எல்என்ஜி (திரவமாக்கின கேஸ்) பிளான்ட்டுங்க கட்டிட்டு இருக்காங்க, 2029க்கு அதுவும் சந்தைக்கு வந்திருக்கும், விலை இப்ப மாதிரியே இருக்கும்னு யாரும் கணக்கு போட முடியாது. தாமதமான ஒவ்வொரு வருஷமும் அந்த ஜனங்களோட பங்குலருந்துதான் போயிருக்கு.

தெற்குல பாண்டே, தெமானேன்னு பழைய வயல் ரெண்டு இருக்கு, 2004ல இருந்து சசோல்ங்கிற தென்னாப்பிரிக்க கம்பெனி 865 கிலோமீட்டர் பைப்லைன்ல தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்புது. அது வத்திட்டு வருது, அங்க வாங்குற ஃபாக்டரிங்க இப்பவே பயத்துல இருக்கு. பெருசா யாரும் பேசாத வயல், ஆனா இருபது வருஷமா தேதி தவறாம குடுத்துச்சு. தெமானேல 450 மெகாவாட் மின்நிலையம் ஒண்ணு கட்டுறாங்க, அந்த கேஸ் அந்த நாட்டுக்குள்ளயே கரண்ட்டா மாறும். ரொவூமா விஷயத்துல நான் தேடுறதும் இந்த மாதிரி ஒண்ணைத்தான், உள்நாட்டுக்குன்னு ஒதுக்குறதா ஒப்பந்தத்துல பேசின கேஸ் எப்ப, எந்த ஊருக்கு, எந்த குழாய்ல போகப்போகுதுன்னு.

2029ல முதல் டேங்கர் அஃபுங்கியிலருந்து கிளம்புற போட்டோ கண்டிப்பா வரும்னு நம்புறேன். நான் பாக்கப்போறது டேங்கரை இல்ல, பல்மாலருந்து சைட்டுக்குப் போற ரோட்டை. சாயங்காலம் ஷிஃப்ட் முடிஞ்சு அந்த வழியா ஆளுங்க நடந்தோ ஷாப்பாங்கிற மினிபஸ்ல ஏறியோ ஊருக்குள்ள வந்து, மார்க்கெட்ல மீன் விக்கிற பொம்பளைகிட்ட வெலை பேசி வாங்குறாங்களான்னு பாக்கணும். எங்க டிரைவர் அண்ணன் பையனுக்கு அப்ப இருபத்தொன்பது வயசு இருக்கும்.