வாட்ஸ்அப் குரூப்பில் போட்ட ஒரு வரி

வக்கீல் நோட்டீஸ் வந்து நாலு மாசம் ஆகிறது. இன்னமும் தபால்காரர் வாசலில் நின்றால் வயிற்றைப் பிசைகிறது.

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் கணக்குப் பார்க்கிறேன். டீசல் பில் ஒன்றில் 130 லிட்டர் 180 ஆகியிருந்தது. 3-இன் இடப்பக்கத்தை வேறு பேனாவால் வளைத்து மூடியிருந்தார்கள். எண் நீல மை, வளைவு மட்டும் கறுப்பு. தேடினால் இன்னும் ஆறு பில். எல்லாம் ஒரே சூப்பர்வைசர் கொண்டுவந்தவை.

எம்.டி.க்கு மெயில் போட்டேன். அதோடு விட்டிருக்கணும். பத்து நாள் பதில் இல்லாத ஆத்திரத்தில், பில் போட்டோவைப் போட்டு "இந்தத் திருடனைக் கேட்க ஆளே இல்லையா" என்று ஸ்டாஃப் குரூப்பில் எழுதிவிட்டேன். பத்து நிமிஷத்தில் அழித்தேன். அதற்குள் ஸ்கிரீன்ஷாட் சூப்பர்வைசர் கைக்குப் போய்விட்டது. அடுத்த வாரமே நோட்டீஸ்: மன்னிப்புக் கேள், ஐந்து லட்சம் நஷ்டஈடு கொடு, இல்லாவிட்டால் அவதூறு வழக்கு.

பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க. லீவு போட்டு, மெட்ரோவில் உயர் நீதிமன்றம் ஸ்டேஷன் வரை போனேன். அங்கே சட்ட உதவி ஆபீஸில் நோட்டீஸ் வந்த கவரும் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரும் கேட்டார்கள். கவர் எப்போதோ குப்பைக்குப் போயாச்சு. ஆர்டர் காப்பிக்கு எங்கள் ஆபீஸில் மூன்று நாள் அலையவிட்டார்கள். "எம்.டி. சொல்லாம தர முடியாதும்மா." கடைசியில் என் பழைய மெயிலிலேயே இருந்தது. முதல் நாளே தேடியிருக்கணும்.

"உண்மையைத்தானே மேடம் எழுதினேன்?" என்றேன். வக்கீலம்மா தலையை ஆட்டினார். கிரிமினல் அவதூறில் உண்மை மட்டும் போதாதாம், பொது நன்மைக்காகச் சொன்னது என்றும் காட்டணுமாம். 2024 ஜூலை 1 முதல் அது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு. இரண்டு வருஷம் வரை சிறை. ஒருவர் மேல் அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு புகார் சொன்னால் அதற்கும் அதிலேயே விலக்கு இருக்கிறது. "மெயிலுக்கு அது உங்களைக் காப்பாத்தும். குரூப்ல இருக்கிற 38 பேர்ல யாருக்கும்மா அவர் மேல நடவடிக்கை எடுக்க அதிகாரம்?"

எனக்குப் பேச்சே வரவில்லை.

ஆர்டரைப் புரட்டியவர் ரகசியக் காப்பு நிபந்தனையைக் காட்டினார். பில் போட்டோவை வெளியே விட்டதற்கே கம்பெனி என்மேல் நடவடிக்கை எடுக்கலாமாம். பில் எண், தேதி மட்டும் குறித்துக்கொண்டாலே போதுமாம்.

அதனால் புகார் எழுதப் போகிறவர்களே, பார்த்ததை மட்டும் எழுதுங்கள். "இந்த எண் பில்லில் 130 என்பது 180 ஆகத் திருத்தப்பட்டுள்ளது, விசாரிக்கவும்." திருடன், மோசடிக்காரன் என்ற சொல்லே வேண்டாம். புகார் பெற்றதற்குக் கையெழுத்து வாங்குங்கள்; தர மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

வக்கீலம்மா எழுதித் தந்த பதில் போன பிறகு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. போன மாசம் டீசல் கணக்கை அந்த சூப்பர்வைசரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். என்னையும் மணலி யார்டுக்கு மாற்றிவிட்டார்கள், "நிர்வாக வசதி" என்று. அந்த மாறுதல் ஆர்டரை வாங்கியதும் முதல் வேலையாக இரண்டு காப்பி எடுத்து வைத்தேன்.