டிஸ்க் காலி, ஆனாலும் இடமில்லையாம்

புதிதாகப் போட்ட கோப்பு எதுவும் சர்வர் தேடலில் வரவில்லை. சர்வரின் பதிவேடான லாக்கைத் திறந்தால் ஒரே வரி, திரும்பத் திரும்ப: "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்".

டிஸ்க்கைப் பார்த்தோம். பாதிக்கு மேல் காலி.

அந்த வரிக்கு முன்னால் இருந்த பெயர்தான் விஷயம்: ஐநோட்டிஃபை, லினக்ஸில் கோப்புகளைக் கண்காணிக்கும் வசதி.

கோப்பு மாறினால், தேடலுக்குப் பட்டியல் போடும் இண்டெக்ஸருக்குச் சேதி சொல்வது அதுதான். ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஒரு வாட்ச், அதாவது ஒரு கண்காணிப்பு, வேண்டும். பழைய லினக்ஸ் கெர்னல்களில் (கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையப் பகுதி) ஒரு பயனருக்கு 8192 வாட்ச்தான் வழக்கமான வரம்பு. அது தீர்ந்தாலும், டிஸ்க் நிறைந்தாலும், கெர்னல் தருவது அதே 28-ஆம் எண் பிழை, அதாவது அந்த "நோ ஸ்பேஸ்" வரி!

வரம்பை உயர்த்தி இண்டெக்ஸரை மறுபடி ஓட்டினோம். கோப்புகள் வரத் தொடங்கின.

இந்த ஒரு வரியை நம்பி எத்தனை பேர், எத்தனை ஊர்களில், வேண்டிய கோப்புகளை அழித்து இடம் பண்ணியிருப்பார்களோ. நினைத்தாலே மனசு கேட்கவில்லை.