ரெஃபரல் கதவைத் திறந்தது, இபி வேறு கதை

"ஆள் தெரிந்தால்தான் வேலை" என்று சிங்கப்பூர் வந்த நாள் முதலாகக் கேட்டிருக்கிறேன். போன வருடம் ஆட்குறைப்புப் பட்டியலில் என் பெயரும் வந்ததால், அது எவ்வளவு தூரம் உண்மை என்று நானே பார்க்க நேர்ந்தது.

இபியில், அதாவது வெளிநாட்டு நிபுணர்களுக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதியில், இருப்பவர்களுக்கு நிலைமை தெரியும். பாஸை ரத்து செய்ததும் கையில் மிஞ்சுவது 30 நாள் வருகை அனுமதிதான். வருமான வரிக் கணக்கு முடியும்வரை கடைசிச் சம்பளத்தையும் நிறுத்தி வைத்துவிடுவார்கள். அதனால் நோட்டீஸ் கையில் வந்த அன்றே தெரிந்தவர்கள் எல்லோருக்கும் வாட்ஸாப்பில் எழுதிவிட்டேன், வெட்கப்பட்டுக்கொண்டிருக்க நேரமில்லை.

சாங்கி பிசினஸ் பார்க்கில் இருக்கும் நெருங்கிய நண்பர் உடனே வேலையில் இறங்கினார். அவர் சொன்ன முதல் விஷயமே உருப்படியானது: நீயாக இணையத்தில் விண்ணப்பிக்காதே. பல பெரிய நிறுவனங்களில் நம் ரெஸ்யூமே ஏற்கெனவே உள்ளே இருந்தால் அதற்கப்புறம் அங்கே வேலை செய்பவர் போடும் ரெஃபரல், அதாவது பரிந்துரை, கணக்கில் வராது. அவர் அனுப்பிய இணைப்பு வழியாகப் போட்டேன், அதே வாரம் அழைப்பு வந்தது. நானாகப் போட்டிருந்த மற்ற விண்ணப்பங்களுக்கு "கிடைத்தது, நன்றி" என்ற தானியங்கி மின்னஞ்சலோடு சரி.

நேர்காணல் எல்லாம் நன்றாகப் போய், மேலாளருக்கும் பிடித்துப்போய், கடைசியில் ஹெச்.ஆர். கையை விரித்துவிட்டார். காரணம் காம்பஸ் என்ற புள்ளி முறை. 2023 செப்டம்பரிலிருந்து புதிய இபிக்குக் குறைந்தபட்சச் சம்பளம் மட்டும் போதாது, இந்தப் புள்ளிக் கணக்கில் 40 எடுக்க வேண்டும். எனக்குச் சம்பளத்துக்கு 10, பட்டத்துக்கு 10, உள்ளூர் ஊழியர் விகிதத்துக்கு 10. நாலாவது, அங்கே வேலை செய்பவர்களின் நாட்டவர் கலவை. நிபுணர், நிர்வாகி நிலை ஊழியர்களில் நம் நாட்டவர் கால்வாசி அல்லது அதற்கு மேல் இருந்தால் பூஜ்யம். அந்த அலுவலகத்தின் மதிய உணவு நேரத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மொத்தம் 30.

நமக்கு ஆள் தெரிவது பெரும்பாலும் நம் ஆட்கள் நிறைய இருக்கும் இடங்களில்தான், இந்தப் புள்ளி கிடைக்காமல் போவதும் அங்கேதான். இதை யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை.

வேலை அமைந்தது சமூக மன்றத்தில் பேட்மின்டன் ஆடும்போது பார்த்துத் தலையாட்டிக்கொள்ளும் ஒருவர் மூலம். அவருடைய முழுப் பெயர்கூட அதுவரை எனக்குத் தெரியாது. சின்ன நிறுவனம், நிபுணர், நிர்வாகி நிலை ஊழியர்கள் 25 பேருக்கும் குறைவு. அப்படிப்பட்ட நிறுவனங்களுக்கு நாட்டவர் கலவைக்கும் உள்ளூர் விகிதத்துக்கும் தானாகவே பத்துப் பத்துப் புள்ளி, ஆக எனக்குச் சரியாக 40. அவர் ரெஸ்யூமேயை முதலாளியிடம் கொடுத்ததோடு ஒதுங்கிக்கொண்டார், தொழில்நுட்பச் சுற்றில் என்ன கேட்பார்கள் என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. அதிலும் ஒரு இழுபறி: இபிக்கு விண்ணப்பிக்கும் முன் மைகேரியர்ஸ்ஃபியூச்சர் என்ற அரசு வேலைவாய்ப்புத் தளத்தில் குறைந்தது 14 நாள் விளம்பரம் இருக்க வேண்டும், அவர்கள் அப்போதுதான் போட்டிருந்தார்கள். என் 30 நாளில் பாதி அதிலேயே கரைந்தது. உள்ளூர்க்காரர்களையும் நியாயமாகப் பரிசீலிக்க வேண்டும் என்பதற்கான விதி அது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நாட்களில் தூக்கம் வரவில்லை.

இப்போது என்னிடமும் "அண்ணா, ரெஃபர் பண்ணுங்க" என்று செய்திகள் வருகின்றன. எந்தப் பதவி, ஏன் பொருந்துவீர்கள் என்று நாலு வரி எழுதுங்கள், மனிதவள அமைச்சின் தளத்தில் இருக்கும் சுயமதிப்பீட்டுக் கருவியில் உங்கள் புள்ளியையும் பார்த்துவிட்டு வாருங்கள் என்கிறேன். பாதிப் பேர் அதோடு காணாமல் போகிறார்கள். ஒருவர் மட்டும், உதவி கேட்டால் வீட்டுப்பாடம் கொடுக்கிறான் என்று பொதுக் குழுவிலேயே எழுதிவிட்டார்.